எண்ணூறு பிரதிகள்

நியூஜெர்சியின் எடிசனைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பார், அல்லது இருந்துவிட்டுத் திரும்பியிருப்பார். 1998இல் நானும் போய்ச் சேர்ந்தேன். 2000 பிறந்ததும் உலகத்துக் கணினிகளெல்லாம் தேதி தெரியாமல் திண்டாடப்போகின்றன என்ற பயம் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைத்தன. சனி ஞாயிறுகளில் யார் வீட்டிலாவது பூஜையோ பிறந்தநாளோ இருக்கும். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் பிளெயின்ஃபீல்ட் என்று ஓர் ஊர். எங்களில் யாருக்கும் அங்கே போக ஒரு காரணமும் இருந்ததில்லை. அந்த ஊரில்தான் 1929 ஆகஸ்ட் 16ஆம் தேதி பில் எவன்ஸ் பிறந்தார் என்பதை எனக்குச் சொன்னவர் என் பியானோ வாத்தியார். பில் எவன்ஸ் யார் என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பழைய அப்ரைட் பியானோவுக்கு விலை கிடையாது. தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வீடு மாற்றிக்கொண்டு போன ஒரு குடும்பத்திடமிருந்து எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. மகளுக்காக வாத்தியார் பிடித்தோம். அவள் சில மாதங்களில் நீச்சலுக்குத் தாவிவிட்டாள். கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்திருந்ததால் மீதி வகுப்புகளுக்கு நான் உட்கார்ந்தேன். "எவன்ஸ் வீட்டிலும் இதே கதைதான்," என்றார் வாத்தியார். "பாடம் அண்ணனுக்கு, படித்தவன் தம்பி." அண்ணன் ஹாரிக்கு ஆசிரியை சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, சின்னவன் அதைத் தானாக வாசித்துக்காட்டியிருக்கிறான்.

வாத்தியாருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் ஹோட்டல் பார்களிலும் கல்யாணங்களிலும் வாசித்தவர். அவர் பெயரில் ஒரு ரெக்கார்டுகூட வெளிவந்ததில்லை, அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதுமில்லை. காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். நான் தப்பாக வாசித்தால் திட்டமாட்டார். அந்த பென்சிலை எடுத்துத் தாளில் எதையோ வட்டமிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அது திட்டைவிட மோசம்.

அவரிடம் 'நியூ ஜாஸ் கான்செப்ஷன்ஸ்' என்ற பழைய எல்பி ஒன்று இருந்தது. பில் எவன்ஸின் முதல் ஆல்பம், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற ட்ரியோ. 1956 செப்டம்பரில் பதிவானது. ரிவர்சைட் என்ற சின்னக் கம்பெனி அதை வெளியிட்டபோது முதல் வருஷத்தில் விற்றது சுமார் 800 பிரதிகள். "அந்த எண்ணூறு பேரில் நான் ஒருவன்," என்று வாத்தியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எந்த வருஷம் வாங்கினார் என்பதை நான் துருவவில்லை. எவன்ஸ் புகழ்பெற்ற பிறகு அந்த எண்ணூறு பேர் எப்படியும் எட்டாயிரம் பேராகப் பெருகியிருப்பார்கள்.

எனக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரு தடைதான். இடதுகையில் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, வாசிக்கும்போது அதன் அடிச்சுரத்தைத் தொடக்கூடாது. டி மைனர் செவன் என்று தாளில் எழுதியிருக்கும். டி என்ற சுரத்தை நான் வாசிக்கக் கூடாது. எஃப், ஏ, சி, ஈ, இந்த நான்கு மட்டும். "அப்புறம் டி-யை யார் வாசிப்பது?" என்று கேட்டேன். "பாஸ் வாசிப்பவன் எதற்கு இருக்கிறான்?" என்றார். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், அடுத்தவன் இலையில் கைவைக்காதே என்பதுதான் பாடம். அடுத்த கார்டு ஜி செவன். கை எங்கோ தாவப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன். அவர் என் விரல்களைப் பிடித்து அப்படியே வைத்தார். சி-யில் இருந்த விரலை மட்டும் பக்கத்திலிருந்த பி-க்கு நகர்த்தச் சொன்னார். எஃப், ஏ, பி, ஈ. ஒரே ஒரு விரல், அரைச் சுரம். அவர் கீழே ஒற்றை விரலால் முதலில் டி-யையும் பிறகு ஜி-யையும் தட்டினார். அறையின் வெளிச்சமே மாறினாற்போல் இருந்தது. என் கை அசைந்ததோ ஓர் அங்குலம்கூட இல்லை.

இந்த முறையை எவன்ஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள். ஆமட் ஜமால், ரெட் கார்லண்ட் என்று அந்தக் காலத்துப் பியானோக்காரர்கள் பலரும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தவர்கள்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் படித்தது பெரும்பாலும் எவன்ஸின் கைகளிலிருந்து. அடிச்சுரத்தை விட்டுக்கொடுத்ததில் ஒரு விஷயம் தானாக நடந்தது. பாஸ்காரருக்கு நடமாட இடம் கிடைத்தது. இளையராஜா பாட்டுகளில் பாஸ் கிட்டார் போகும் வழியைத் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அதனால் ஜாஸில் எனக்கு முதலில் பிடிபட்டதும் பாஸ்தான். பியானோவைக் கேட்கக் கற்றுக்கொள்ள இன்னும் நாளானது.

எவன்ஸ் அந்த முதல் ஆல்பத்துக்கு வந்த வழி நேர்வழி அல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உள்ளூர் நடன இசைக்குழு ஒன்றில், உடம்பு சரியில்லாத அண்ணனுக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். 'டக்ஸிடோ ஜங்ஷன்' வாசித்துக்கொண்டிருக்கும்போது தாளில் இல்லாத ஒரு சின்னத் துணுக்கைச் சேர்த்து வாசித்தார். எழுதாத ஒன்றை வாசிக்கலாம் என்பதே அந்தப் பையனுக்குப் பெரிய செய்தியாக இருந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கல்லூரிக்குப் போனது லூசியானாவில், அதுவும் புல்லாங்குழலுக்குக் கிடைத்த உதவித்தொகையில். 1950இல் பட்டம். 1951இலிருந்து 1954 வரை ராணுவம். அங்கே பாண்டு வாத்தியக்குழுவில் புல்லாங்குழல். ராணுவம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் ஒரு வருஷம் பெற்றோர் வீட்டில் அடைந்துகொண்டு பயிற்சி. 1955இல் நியூயார்க்; மேனஸ் கல்லூரியில் இசையமைப்புப் படிப்பு, இரவில் கிடைத்த இடத்தில் வாசிப்பு.

தனக்குக் கைவேகமோ பிறவி மேதைமையோ இல்லை, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கம்பெனி வாசலில் போய் நிற்கமாட்டார். மண்டெல் லோ என்ற கிட்டார் கலைஞர் எவன்ஸைக் கல்லூரி நாட்களிலிருந்தே அறிந்தவர். அவர் ரிவர்சைட் முதலாளிகளான ஓரின் கீப்நியூஸுக்கும் பில் கிரௌவருக்கும் டெலிபோன் போட்டு, எவன்ஸ் வாசித்த டேப்பை ரிசீவருக்குப் பக்கத்தில் ஓட விட்டார். 1956 வருஷத்து டெலிபோன் கம்பியில் பியானோ எப்படிக் கேட்டிருக்கும்! அதைக் கேட்டே ஆளைப் பதிவு செய்யலாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். சம்மதிக்க வேண்டியிருந்தவர் எவன்ஸ் மட்டும்தான். நான் இன்னும் தயாராகவில்லை என்று நின்றவரைப் பேசித்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வழக்கமாக இந்தக் கதை தலைகீழாகத்தானே இருக்கும்.

பாஸில் டெடி கோட்டிக், சார்லி பார்க்கரோடு வாசித்தவர். டிரம்ஸில் பால் மோஷன், அப்போது வயது 25. வாத்தியார் வீட்டில் அந்தத் தட்டை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எவன்ஸ் என்றால் மென்மை, மௌனம், மழை என்று எங்கோ படித்துவிட்டுப் போயிருந்தேன். இதிலோ பட் பவலின் பாதிப்பில் விரல்கள் விறுவிறுவென்று ஓடுகின்றன. தாளம் நறுக்கென்று விழுகிறது. மூவரும் நன்றாக வாசிக்கிறார்கள். ஆனால் பியானோவுக்குப் பின்னால் இருவர் என்ற பழைய வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நடுவில் திடீரென்று பாஸும் டிரம்ஸும் காணாமல் போகின்றன. எவன்ஸ் தனியாக ஒரு வால்ட்ஸ் வாசிக்கிறார். அண்ணன் மகள் டெபிக்காக எழுதியது: 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. ஒரு நிமிஷத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. மாறுதல் எதுவும் இல்லை, மனோதர்மமும் இல்லை, எழுதிய மெட்டு மட்டும். 'மை ரொமான்ஸ்' என்ற பாட்டையும் அதே ஆல்பத்தில் இப்படித்தான் ஒற்றை ஆளாக வாசித்திருக்கிறார். வாத்தியார் ஊசியைத் தூக்கி மறுபடி அங்கேயே வைத்தார். "மற்றதெல்லாம் ஊருக்காக. இது அவன்," என்றார். அந்தக் கருத்து கொஞ்சம் அதிகப்படி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தட்டை எப்போது போட்டாலும் நான் காத்திருப்பது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு எவன்ஸ் செய்ததுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். கம்பெனி அடுத்த ஆல்பம் கேட்டது. எவன்ஸ் மறுத்துவிட்டார். புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பது அவர் பதில். அடுத்த ஆல்பம் 1958 டிசம்பரில்தான் பதிவானது, இரண்டே கால் வருஷம் கழித்து. நான் வேலை பார்த்த உலகத்தில் இது புரியாத பாஷை. தயாராக இருக்கிறதோ இல்லையோ, குறித்த தேதியில் மென்பொருள் வெளியே போயாக வேண்டும். பிழைகளை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒருவர் தன் வாய்ப்பைத் தானே கிடப்பில் போட்டார் என்றால் எங்கள் மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ் ரஸ்ஸலின் கடினமான படைப்புகளை வாசித்தார். 1958இல் மைல்ஸ் டேவிஸின் ஆறு பேர் குழுவில் சில மாதங்கள் இருந்தார். கறுப்பினக் கலைஞர்கள் நடுவில் ஒரே வெள்ளைக்காரர். அது எளிதாக இல்லை; ஊர் ஊராகச் சுற்றும் களைப்பு வேறு. நவம்பரில் விலகிவிட்டார். இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் மைல்ஸ் டேவிஸ் உட்பட நாலு பெரியவர்களின் பாராட்டுரைகளைக் கம்பெனி அச்சிட்டது. என் அம்மாவிடமும் ஒரு வரி வாங்கியிருக்கலாமே என்று எவன்ஸ் கீப்நியூஸைக் கிண்டல் செய்தாராம். 1959இல் மைல்ஸ் மறுபடி கூப்பிட்டார். அப்படிப் பதிவானதுதான் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. அதன் கதை வேறு, அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எவன்ஸின் உண்மையான முதல் ட்ரியோ ஆல்பம் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வது 1959 டிசம்பர் 28இல் பதிவான 'போர்ட்ரெயிட் இன் ஜாஸ்'. டிரம்ஸில் அதே பால் மோஷன். பாஸில் ஸ்காட் லாஃபேரோ, வயது 23. பாஸ்காரர் அளவு பிடித்து நடப்பதோடு நில்லாமல் பியானோவோடு எதிர்ப்பேச்சு பேசுகிறார். பியானோ வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. டிரம்ஸ் தாளம் காட்டுவதை விட்டுவிட்டு இருவருக்கும் நடுவில் நிறம் தீட்டுகிறது. மூவரில் யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த மூவரின் உச்சம் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை கிளப்பில், மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து முறை வாசித்தார்கள். ஐந்தையும் பதிவு செய்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள் உரசுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள். லாஃபேரோ எழுதிய 'குளோரியாஸ் ஸ்டெப்' ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் டேப் ஒரு கணம் விக்குகிறது. நியூயார்க்கிலும் கரண்ட் போகும் என்பதில் எனக்கு அற்பமான ஒரு சந்தோஷம். அன்றைக்கு 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யையும் 'மை ரொமான்ஸை'யும் வாசித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒற்றை ஆளாக ஒரு நிமிஷத்தில் முடித்த வால்ட்ஸ், இப்போது மூன்று பேர் கையில் ஏழு நிமிஷத்துக்கு நீள்கிறது. மெட்டு மூன்று எண்ணிக்கையில் தொடங்கி, மனோதர்மத்துக்குள் நுழையும்போது நான்குக்கு மாறுகிறது. அது எந்த இடத்தில் மாறுகிறது என்று பிடிக்க நான் பல மாலைகளைச் செலவிட்டிருக்கிறேன்.

பதினோரு நாளில், ஜூலை 6ஆம் தேதி, லாஃபேரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் வாசிக்கவில்லை. அவருடைய ஹெராயின் பழக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அதைக் காவியமாக்கி எழுதுகிறவர்களைக் கண்டால் வாத்தியாருக்கு ஆகாது. "அது வாசிப்பைத் தரவில்லை. வாசிப்பு மிச்சமிருந்ததே ஆச்சரியம்," என்பார். எவன்ஸ் 1980 செப்டம்பர் 15இல், 51 வயதில் இறந்தார்.

வாத்தியாரிடம் இன்னொரு மாணவி இருந்தாள். என்னைப் போல மிச்சக் கட்டணத்துக்கு உட்கார்ந்தவள் அல்ல. கல்லூரியில் இசை படித்துவிட்டு நியூயார்க்கைப் பிடிக்க வந்த பெண். நியூயார்க் வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் குடியிருந்தாள். ஞாயிறு காலை தேவாலயத்தில் வாசிப்பாள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள், வாரநாட்களில் பாலே வகுப்பு ஒன்றில் பியானோ வாசிப்பாள். பாலே வகுப்புதான் தன் உண்மையான குரு என்பாள். அங்கே தாளம் அரைக்கால் தப்பினாலும் இருபது கால்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

2006இல் அவள் தன் முதல் ட்ரியோ ஆல்பத்துக்குத் தயாரானாள். எட்டு உருப்படிகள், ஐந்து அவள் எழுதியவை, மூன்று பழைய பாட்டுகள், அதில் 'மை ரொமான்ஸ்' ஒன்று. ஒத்திகைகள் வாத்தியார் வீட்டிலேயே நடந்தன. அவள் எழுதியதில் ஒன்று ஏழு எண்ணிக்கை. பாஸ் வாசித்த பையன் அதில் தடுமாறுவதைப் பார்த்து, நான் உற்சாகமாக மிஸ்ர சாபு தட்டிக் காட்டினேன். தகிட தகதிமி. அவள் கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டாள். பிறகு, "உங்கள் ஏழு வேறு, என் ஏழு வேறு. நீங்கள் தட்டுகிற இடத்தில் எனக்குக் கனம் விழக்கூடாது," என்றாள். நான் காபி போடப் போனேன்.

ஜாஸில் நம் ஆட்கள் யாராவது உண்டா என்று எடிசன் நண்பர்கள் என்னைக் கேட்பார்கள். விஜய் ஐயர் உண்டு. தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து வயலின். பியானோ பெரும்பாலும் தானே கேட்டுப் படித்தது. முதல் ஆல்பம் 'மெமரோஃபிலியா' 1995இல் வந்தது. ஸ்டீஃபன் கிரம்ப், மார்கஸ் கில்மோர் இருவரோடும் சேர்ந்த ட்ரியோ ஆல்பமான 'ஹிஸ்டாரிசிட்டி' 2009இல். இடையில் பதினான்கு வருஷம், வேறு வேறு அளவிலான குழுக்கள், ஒரு டாக்டர் பட்டம். மூன்று பேர் மட்டும் என்பது பார்க்கச் சின்னதாகத் தெரிகிறது. ஒளிந்துகொள்ள இடமில்லாத அளவு அது.

வாத்தியாரின் மாணவி பதிவுக்கு ஒரு நாள் ஸ்டுடியோ எடுத்திருந்தாள். இரண்டாவது நாளுக்குப் பணமில்லை. எந்த டேக் எத்தனை நிமிஷம், எதில் என்ன பிழை என்று குறித்துவைக்கும் வேலை எனக்கு. காலையில் ட்யூனர் வந்து பியானோவின் மூடியைத் திறந்து உட்கார்ந்தார். ஒரே சுரத்துக்கான மூன்று கம்பிகளில் இரண்டைத் துணிப்பட்டையால் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் முறுக்கினார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து அதோடு சேர்த்தார். இரண்டு கம்பிகளும் சேராத வரை ஓர் அலை வவ்வவ் என்று துடிக்கும். சேர்ந்த கணத்தில் அலை நின்றுவிடும். பாஸ்காரரும் டிரம்மரும் வாசலில் சிகரெட்டோடு நின்றார்கள். அந்தப் பெண் மட்டும் சுவரோடு சாய்ந்து அவர் வேலை முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவில் டிரம்ஸுக்குத் தனிக் கண்ணாடி அறை இருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடைத்து, ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால் ஒருவர் தப்பை மட்டும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். அவள் வேண்டாம் என்றாள். மூவரும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல். இன்ஜினியர் முகம் சுருங்கியது. டிரம்ஸ் சத்தம் பியானோ மைக்கில் ஏறும், அப்புறம் எதையும் வெட்டி ஒட்ட முடியாது என்று எச்சரித்தார். முடியக்கூடாது என்றுதானே கேட்கிறேன் என்றாள். குரல் நடுங்கியதை நான் கவனித்தேன். டிரம்மர் பையன் கவனிக்காததுபோல் சிம்பலின் திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

'மை ரொமான்ஸ்' இரண்டாவது டேக் அற்புதமாக அமைந்தது. ஆனால் பாஸ் சோலோ முடியும் இடத்தில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கிறீச்சிட்டது. என் தாளில் நேரத்தோடு குறித்தேன். மூன்றாவது டேக் எடுத்தார்கள். பிழையே இல்லை, உயிரும் இல்லை. நாலாவது எடுக்கலாமா என்று இன்ஜினியர் கேட்டார். அவள் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டூலும் இருக்கட்டும்," என்றாள். ஆல்பத்தில் இன்றும் அந்த ஸ்டூல் வாசிக்கிறது.

மாலையில் நேரம் தீர்ந்துகொண்டிருந்தபோது ஓர் உருப்படி மட்டும் படியவில்லை. அவள் கல்லூரியில் எழுதிய மெதுவான மெட்டு. மூவரும் என்ன செய்து பார்த்தும் கனத்துக்கொண்டே போனது. கடைசியில் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக ஒருமுறை வாசித்தாள். ஒரே டேக், இரண்டு நிமிஷம்கூட இல்லை. எவன்ஸைப் பார்த்துச் செய்தாளா என்று வாத்தியாரிடம் கேட்டேன். "இல்லை. தோற்றுப்போனதால் செய்தாள். அவனும் அப்படித்தானோ என்னவோ," என்றார். என் கணக்கில் அந்தத் தட்டிலேயே சிறந்தது அதுதான். அவளுக்கு அது பிடிக்காது.

பழைய பாட்டைப் பதிவு செய்தால் பாட்டின் உரிமையாளருக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று அமெரிக்கச் சட்டப்படி கட்ட வேண்டும். 2006இல் ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் 9.1 சென்ட். அதற்கு மேல் போனால் முழு நீளத்துக்கும் நிமிஷத்துக்கு 1.75 சென்ட். கணக்கு என்னிடம் வந்தது. ஏழு நிமிஷ 'மை ரொமான்ஸ்', ஆயிரம் சிடி: 122 டாலர் 50 சென்ட். பாஸ் சோலோ மட்டும் இல்லாமல் இருந்தால் 91 டாலரோடு போயிருக்கும் என்று எக்செல் தாளைக் காட்டினேன். அவள் பாஸ் பையனுக்கு போன் போட்டு, உன் சோலோவின் மதிப்பு முப்பத்தொன்றரை டாலர் என்று சொன்னாள். அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் இரவு நானும் அவளும் வாத்தியாரும் வில்லேஜ் வான்கார்டுக்குப் போனோம். பால் மோஷன் வாசிக்கிறார். எழுபத்தைந்து வயது. நியூயார்க்கை விட்டு வெளியே வாசிக்கப் போவதை நிறுத்தியிருந்தார். கூடவே சாக்ஸஃபோனில் ஜோ லொவானோ, கிட்டாரில் பில் ஃப்ரிஸெல். மூன்று பேர்தான், ஆனால் பியானோவும் இல்லை, பாஸும் இல்லை. செவன்த் அவென்யூவில் படியிறங்கினால் ஆப்பு வடிவில் குறுகும் அறை. நூற்றுச் சொச்சம் பேர் நெருக்கியடித்து உட்காரலாம். அடியில் சப்வே ரயில் போகும்போது மேஜை மெல்ல அதிரும். மோஷன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். சிம்பலை ஒருமுறை தட்டினார். அந்த ஒலி அடங்கும் வரை வேறெதையும் தொடவில்லை. எங்கள் பெண்ணின் கை மேஜை விளிம்பில் தாளம் போடத் தொடங்கிப் பாதியில் நின்றது. போட அங்கே தாளம் இல்லை. 1956 தட்டில் நறுக்கென்று தாளம் பிடித்த இளைஞரும் இவரும் ஒரே ஆள்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மோஷன் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டபோது அவருக்கு வயது 41. அதற்காக இசையமைக்கப் படிக்க வேண்டும் என்று கீத் ஜாரெட்டிடமிருந்து ஒரு பியானோவை வாங்கிக்கொண்டார். வாத்தியார் இதை ரயிலில் திரும்பும்போது சொன்னார். முன் வரிசையில் உட்கார்ந்தும் மோஷனிடம் போய்ப் பேசாமல் வந்ததற்கு அந்தப் பெண்ணைக் கேலியும் செய்தார். வான்கார்டில் சமையலறைதான் கலைஞர்களின் ஓய்வறை. சமையல் நடக்காத சமையலறை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் அதுவரை போய், உள்ளே மோஷன் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அவளுடைய ஆல்பம் வந்தது. ஒரு சிறிய இசைப் பத்திரிகையில் நாலு வரி விமர்சனம். பாஸ் சோலோவைப் புகழ்ந்திருந்தார்கள், ஸ்டூலைக் குறிப்பிடவில்லை. கச்சேரி முடிந்ததும் பியானோ மூடிமேல் அடுக்கிவைத்து விற்பாள். ஒரு நாள் ஆறு போகும், ஒரு நாள் ஒன்றும் போகாது. இரண்டு வருஷம் ஆகியும் எண்ணூறைத் தொடவில்லை. அடுத்த ஆல்பம் எப்போது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை என்பாள். எவன்ஸிடம் கற்றுக்கொண்ட பதிலா, சொந்தப் பதிலா தெரியவில்லை. பிறகு அவள் மேற்குக் கரைப் பக்கம் ஒரு கல்லூரி வேலைக்குப் போனாள். மிச்சப் பெட்டிகளை எங்கள் கராஜில் இறக்கிவிட்டு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றாள்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு என் மனைவி கொலு வைத்தாள். தாம்பூலப் பைகளில் போட வாங்கிய எவர்சில்வர் கிண்ணம் போதவில்லை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கூடவே ஆளுக்கு ஒரு சிடி. வந்தவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, உங்க ஆபீஸ்காரியா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை பக்கத்து அபார்ட்மென்ட் மாமி போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"தம்பி, அந்த சிடியை மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். யாருமே பாடலியே. தகடு கெட்டுப்போச்சா? வேற ஒண்ணு இருந்தா குடுத்தனுப்புங்கோ."

வேறு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.